மண்ணுக்கு மானியம், உழுதவனுக்கு என்ன?

(உழவர் பயிற்சி முகாமில் ஆற்றிய உரை)



இன்று அமெரிக்க நாட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். டாலர் நாட்டைப் பற்றி நமக்கென்ன பேச்சு என்று கேட்கத் தோன்றும். அந்நாட்டின் செல்வத்தைப் பாட நான் வரவில்லை. அதைச் சாடி உங்கள் கையொலியைப் பெறவும் வரவில்லை. உழவுக்கென்று அரசு ஒதுக்கும் பணம் யார் கையில் போய்ச் சேருகிறது? இந்தக் கேள்விக்கு அந்நாட்டின் 90 ஆண்டு வரலாறு விடை எழுதி வைத்திருக்கிறது. அதைப் படித்துக் காட்டவே வந்தேன்.

முதல் உலகப் போரின்போது கோதுமை விலை ஏறியது. போர்க் காலத்திலும் அதற்குப் பின்னும் கான்சாஸ், ஓக்லஹோமா, டெக்சாஸ் மாநிலங்களின் புல்வெளிகளை டிராக்டர் கொண்டு உழுது தள்ளினார்கள். காலங்காலமாக அந்த மண்ணைப் பிடித்து வைத்திருந்தது புல்லின் வேர். வேர் போயிற்று. 1930களில் மழையும் பொய்த்தது. பிடிப்பிழந்த மண் காற்றோடு எழுந்தது. 1935 ஏப்ரல் 14ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, பகலே இருளாயிற்று. ‘கறுப்பு ஞாயிறு’ என்று இன்றும் அந்நாளைக் குறிப்பிடுகிறார்கள்.

ஹியூ பென்னட் என்ற மண்ணியல் அறிஞர் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்தார். கேட்பாரில்லை. மேற்கே எழுந்த புழுதி தலைநகர் வாஷிங்டனின் வானத்தை மறைத்தபோதுதான் ஆள்வோரின் கண் திறந்தது! 1935 ஏப்ரல் 27ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் கையொப்பமாயிற்று. சரிவுக்குக் குறுக்கே உழுவது, வரப்புக் கட்டுவது, புல் வளர்த்து மண்ணை மூடுவது ஆகியவற்றை அரசே கற்பித்தது, செலவிலும் பங்கேற்றது. நல்ல சட்டம், தோழர்களே. நல்லதை நல்லதென்று சொல்ல நாம் தயங்க வேண்டியதில்லை.

ஆனால், அதே ஆண்டுகளில் மற்றொரு காட்சியையும் காண்கிறோம். விளைபொருளின் விலை வீழ்ந்து கிடந்தது. பயிரிடும் பரப்பைக் குறைத்தால் பணம் தருவோம் என்றது 1933ஆம் ஆண்டுச் சட்டம். வயலில் நின்ற பருத்தி ஏறத்தாழ 1 கோடி ஏக்கர் அவ்வாண்டே உழுது அழிக்கப்பட்டது. பணம் யாருக்கு? நிலத்துக்கு உடையவருக்கு! தென் மாநிலங்களில் அந்தப் பருத்தியை வியர்வை சிந்தி விளைவித்தவர் யார்? வாரத்துக்கு உழுத ஏழைகள். கறுப்பரும் உண்டு, வெள்ளையரும் உண்டு. அவர்களுக்கும் பங்கு கொடுக்க வேண்டுமென்று ஏட்டில் எழுதியிருந்தது. ஏடு அலுவலகத்தில் இருந்தது. பணம் பண்ணையாரின் பையில் இருந்தது. பயிர்ப் பரப்புக் குறைந்தபின் ஆள் எதற்கு? “குடிசையைக் காலி செய்” என்றார்கள்.

1934 ஜூலையில், ஆர்கன்சாஸ் மாநிலத்தில் டைரன்சா என்னும் சிற்றூர்ப் பக்கம், 11 வெள்ளையரும் 7 கறுப்பரும் ஒன்றாக அமர்ந்து தென்னகக் குத்தகை உழவர் சங்கத்தைத் தொடங்கினார்கள். நிறவெறி கோலோச்சிய மண்ணில் பசி அவர்களை ஒரே கூரையின்கீழ் அமர்த்தியது. அடித்தார்கள், விரட்டினார்கள், சங்கம் வளர்ந்தது. வாஷிங்டனிலும் ஜெரோம் பிராங்க் போன்ற சில அதிகாரிகள், குடியானவரை வெளியேற்றக்கூடாது என்பதே ஒப்பந்தத்தின் பொருள் என்று வாதாடினார்கள். முடிவென்ன? 1935 பிப்ரவரியில் அவர்களே வெளியேற்றப்பட்டார்கள்! மண்ணைக் காக்கச் சட்டம் வந்தது ஏப்ரலில். உழுதவனைக் காக்க நினைத்தவர் வேலை இழந்தது பிப்ரவரியில். ஒரே ஆண்டு, ஒரே அரசு!

பழங்கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1985ஆம் ஆண்டுச் சட்டம், அரிக்கும் நிலத்தைப் பயிரிடாமல் 10 முதல் 15 ஆண்டுகள் புல்லும் மரமும் வளர்த்து வைத்தால் ஆண்டு வாடகை தந்தது. 2007இல் 3 கோடியே 60 லட்சம் ஏக்கருக்கு மேல் அத்திட்டத்தில் இருந்தது. 1996ஆம் ஆண்டுச் சட்டம், மேய்ச்சல் நிலத்தைப் பிரித்து வேலி போடவும், மாடுகளுக்குத் தண்ணீர் வசதி செய்யவும், பாசன நீரைச் சிக்கனப்படுத்தவும் ஆகும் செலவில் பங்கேற்றது. 2022இல் இத்தகைய பணிகளுக்கென ஏறத்தாழ 1,950 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கினார்கள். மண் பயன் கண்டது, ஐயமில்லை. ஆனால் முதலில் கைப்பணம் போட்டு வேலையை முடி, பிறகு பெற்றுக்கொள் என்பதே பொதுவிதி. கையில் பணமில்லாதவன் என்ன செய்வான்? ஏழை உழவருக்கு முன்பணம் தரும் வழியைப் பின்னரே சேர்த்தார்கள்.

கறுப்பின உழவரின் கதை இன்னும் கொடியது. 1920இல் அவர்கள் நடத்திய பண்ணைகள் ஏறத்தாழ 9 லட்சத்து 25 ஆயிரம். 2022ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் கறுப்பின உழவர் 50 ஆயிரம் பேர்கூட இல்லை. அரசுக் கடனிலும் உதவியிலும் தங்களுக்கு வஞ்சனை இழைக்கப்பட்டதென்று வழக்காடி, 1999இல் இழப்பீட்டு உடன்பாடு கண்டார்கள். கடன் திட்டங்களில் பாகுபாட்டுக்கு ஆளான உழவர்கள் 43 ஆயிரம் பேருக்கு மேல், 2024இல் ஏறத்தாழ 200 கோடி டாலர் வழங்கப்பட்டது. காசோலை வந்தது, பறிபோன நிலம் திரும்ப வந்ததா?

அப்படியானால் மானியமே வேண்டாம் என்போமா? கூடாது. அரசு கைகட்டி நின்றால் என்ன நேரும் என்பதைக் கறுப்பு ஞாயிறு காட்டிவிட்டது. நம் வழக்கு பணம் தருவதை எதிர்த்து அல்ல; பட்டாவை மட்டும் பார்த்துப் பணம் தருவதை எதிர்த்து. இங்கே 2019இல் வந்த பிரதமர் கிசான் திட்டமும், ஆண்டுக்கு 6,000 ரூபாயை நிலமுள்ள குடும்பங்களுக்கென்றே வகுத்தது. குத்தகைக்கு உழுபவன் அதன் வாசலுக்கு வெளியே நின்றான்.

ஆகவே மூன்று கோரிக்கைகளை ஊர்தோறும் எடுத்துச் செல்லுங்கள். உழுபவன் பெயர் பதிவேட்டில் ஏற வேண்டும். குடியானவரை வெளியேற்றும் உடையவருக்கு மானியம் நிற்க வேண்டும். கைம்முதல் இல்லாதவனுக்கு முன்பணம் கிடைக்க வேண்டும்.

காற்று மண்ணை வாரிச் செல்லும்போது பட்டா யார் பெயரில் என்று பார்ப்பதில்லை. அந்த மண்ணைக் காக்கும் பணமும் பார்க்கக்கூடாது. டைரன்சாவில் 18 பேர் அமர்ந்தார்கள்; இங்கே அதைவிடப் பன்மடங்கு பேர் அமர்ந்திருக்கிறோம். ஊருக்குத் திரும்பியதும் முதல் வேலையாக, உங்கள் ஊரில் குத்தகைக்கு உழுவோரின் பெயர்ப்பட்டியலை எழுதத் தொடங்குங்கள்!