மூன்றரைச் சுற்று
(வானொலியில் வழங்கப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வானொலியில் வந்து உட்கார்ந்துகொண்டு வானொலிப் பெட்டியைப் பற்றியே பேசுகிறாரே சாமியார் என்று நினைக்காதீர்கள். 2018ஆம் ஆண்டு நடந்த ஒன்றை உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஊரின் பெயரும் வீட்டின் பெயரும் வேண்டாம். திருச்சிப் பக்கம் ஒரு கிளைக்கிராமம் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த வீட்டாரைக் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

முதல் வெள்ளிதோறும் நோயாளிகளுக்கு நற்கருணை கொண்டுபோவது என் வழக்கம். அந்தப் பட்டியலில் ஒரு பெரியவர் இருந்தார். எண்பதைத் தாண்டியவர். பார்வை போய்ப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. கட்டில் தலைமாட்டில் ஒரு வால்வு ரேடியோ. மரப்பெட்டி, முன்னால் கண்ணாடி, கண்ணாடிக்குப் பின்னால் முள். கல்யாணத்துக்கு முந்தின வருடம் நெல் விற்ற காசில் வாங்கியது என்று ஒவ்வொரு முறையும் சொல்வார்.

பார்வை இல்லாதவர் நிலையத்தை எப்படிப் பிடிப்பார்? எண்ணித்தான். திருகை இடது ஓரம் முட்டும்வரை திருப்புவார். அங்கிருந்து வலப்பக்கமாக இரண்டு சுற்று வந்தால் சென்னை. மூன்றரை வந்தால் திருச்சி. ஐந்துக்குக் கொஞ்சம் முன்னால் திருநெல்வேலி. காலையில் எழுந்ததும் மூன்றரைச் சுற்று, அதுதான் அவருக்குப் பொழுது விடிவது. திருச்சி நிலையம் 1939இல் தொடங்கியது. 'அதுக்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயசு' என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அந்த ஆகஸ்ட் மாதம் நான் போனபோது வீட்டில் ஒரு மாதிரி அமைதி. மகன் என்னைத் திண்ணைப் பக்கம் அழைத்துப்போய், "அப்பாவுக்கு நினைவு தப்புது சாமி" என்றார். ரேடியோவில் நிலையம் கிடைக்கவில்லை என்கிறாராம். மருமகள் போய்த் திருப்பினால் உடனே கிடைக்கிறதாம். எண்ணிக்கையை மறந்துவிட்டார், ஒத்துக்கொள்ள மறுக்கிறார் என்பது வீட்டார் முடிவு. அதோடு நிற்கவில்லை. பெட்டிக்கடை வரை தனியாகக் கோலூன்றிப் போய்வருவார், அதை நிறுத்திவிட்டார்கள். கோவிலுக்கும் தனியாக வரக்கூடாது என்றாகிவிட்டது. மாதாமாதம் தம் கையால் எண்ணி வாங்கும் முதியோர் பணத்தை மகன் வாங்கி வைத்தார். எல்லாம் அக்கறையில் செய்ததுதான்.

உள்ளே போனேன். பெரியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "தோத்திரம் சாமி. திருகுல பிடி இல்ல சாமி" என்றார். நேயர்களே, இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை. விரல்களில் வாதம் இருந்தது அவருக்கு. கையில் பிடிப்பு இல்லை என்று சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு ரேடியோ வேலை கொஞ்சம் தெரியும். குருமடத்தில் இருந்தபோதே பழைய பெட்டிகளைப் பிரித்துப் பழகியவன். அந்தக் கொஞ்சம்தான் என்னைக் கெடுத்தது. பெரியவரைத் திருப்பச் சொன்னேன். மூன்றரைச் சுற்றில் திருச்சி வரவில்லை, இன்னும் கால் சுற்று தேவைப்பட்டது. பழைய பெட்டி, உள்ளே ஏதோ இடம் மாறியிருக்கும் என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டேன்.

இங்கே ஒரு நிமிடம் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன். நாம் திருகைத் திருப்பும்போது உள்ளே ஒரு கயிறு ஓடுகிறது. அது பெரிய சக்கரம் ஒன்றைச் சுழற்றுகிறது. அந்தச் சக்கரம் கேங் கண்டென்சர் எனும் தகடுகளின் அடுக்கை விரித்துச் சுருக்குகிறது. அதே கயிற்றில்தான் முள்ளும் கட்டப்பட்டிருக்கிறது. கேங்கின் ஒரு பகுதி வெளியிலிருந்து வரும் அலையைத் தேர்ந்தெடுக்கும். மற்றொரு பகுதி பெட்டிக்குள்ளேயே ஓர் அலையை உண்டாக்கும். பெரும்பாலான பெட்டிகளில் இந்த உள் அலை வெளி அலையைவிட 455 கிலோஹெர்ட்ஸ் கூடுதலாக இருக்கும். திருச்சி அப்போது 936இல் ஒலித்தது. அப்படியானால் உள்ளே 1391 இருந்தாக வேண்டும். இதை நுட்பமாகச் சரிசெய்யத்தான் டிரிம்மர் என்ற குட்டித் திருகு இருக்கிறது. தொழிற்சாலையில் ஒருமுறை வைத்தால் பிறகு யாரும் தொடக்கூடாத இடம் அது.

நான் தொட்டேன். முன்பு எங்கே இருந்தது என்று ஓர் அடையாளக் கோடுகூடப் போடாமல் திருப்பி, மூன்றரைச் சுற்றில் திருச்சியை வரவழைத்துவிட்டேன். பெரியவர் முகம் மலர்ந்தது. காபி குடித்துவிட்டுத் திரும்பிவந்தேன்.

செப்டம்பர் முதல் வெள்ளி. மருமகள் வாசலிலேயே நின்றார். "இப்ப எனக்கும் பிடிபட மாட்டேங்குது சாமி. முள்ளு திருச்சில நிக்குது, ஆனா திருச்சி வரல. நெல்லை எங்கேயோ தள்ளிப் போயிடுச்சு. சத்தமும் மெலிஞ்சு கேக்குது. மாமா ராத்திரில எதையோ திருகிட்டாங்க போல" என்றார்.

திருகியது நான். பழி போனது அவருக்கு. அன்றைக்கு அதைச் சொல்லும் துணிவு எனக்கு வரவில்லை, நேயர்களே. இன்னும் இரண்டு வீடுகள் இருக்கின்றன, நேரமாகிறது என்று கிளம்பிவிட்டேன். இதில் இன்னொன்றும் உண்டு. மூன்றரைச் சுற்றில் நானே வைத்துக் கொடுத்தது அவருக்கு மறுபடி கிடைக்கவில்லை என்றதும், நினைவு தப்பித்தான் போகிறதோ என்று நானும் பாதி நம்பிவிட்டேன்.

அந்த மாதம் முழுவதும் அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு நாள் யோவான் நற்செய்தியின் 9ஆம் அதிகாரத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். பிறவியிலிருந்தே பார்வையற்ற அந்த மனிதரைப் பற்றி எத்தனை பேர் பேசுகிறார்கள் பாருங்கள். சீடர்கள் அவர் காதுபடவே அவரைப் பற்றி ஆண்டவரிடம் கேள்வி கேட்கிறார்கள். அக்கம்பக்கத்தார் இவர் அவர்தானா, வேறு ஆளா என்று விவாதம் செய்கிறார்கள். கடைசியில் பெற்றோர்தான், பயத்தில் சொன்னாலும் சரியான வழியைச் சொல்கிறார்கள்: அவனுக்கு வயது ஆகிவிட்டது, அவனையே விசாரியுங்கள் என்கிறார்கள். எனக்குச் சுருக்கென்றது. நான் போய் மகனிடம் கேட்டேன், மருமகளிடம் கேட்டேன், பெட்டியையும் சோதித்தேன். உரியவரிடம் கேட்டேனா?

அக்டோபரில் கேட்டேன். "தாத்தா, நீங்க சொல்லுங்க. என்னதான் ஆகுது?"

அவர் நிதானமாகச் சொன்னார்: "மருமக முள்ளைப் பாத்து நிறுத்துது சாமி. எத்தனை சுத்து சுத்தினாலும் முள்ளு அங்க வந்ததும் நிறுத்தும். நான் எண்ணித்தானே நிறுத்தணும்? என் எண்ணிக்கை தப்புன்னா, தினமும் ஒரே மாதிரிதானே தப்பா இருக்கணும்? ஒரு நாள் மூணே முக்கால், ஒரு நாள் நாலு. திருகு சுத்துது, உள்ள எதுவும் கூடவே வரல. பிடி இல்லன்னு உங்ககிட்ட அன்னிக்கே சொன்னேனே."

மருமகளைத் திருப்பச் சொல்லி நானே எண்ணினேன். இடது ஓரத்திலிருந்து திருச்சிக்கு முதல்முறை நாலு. இரண்டாம் முறை நாலேகால். மூன்றாம் முறை மூணே முக்கால். மருமகள் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். கயிறு வழுக்குகிறது.

பெட்டியை மின்சாரத்திலிருந்து பிடுங்கிவைத்து, பொறுத்திருந்து பின்அட்டையைக் கழற்றினேன். (இதைக் கேட்டுவிட்டு யாரும் வீட்டில் வால்வு ரேடியோவைத் திறந்துவிடாதீர்கள். உள்ளே 200 வோல்ட்டுக்கு மேல் ஓடும், அணைத்த பிறகும் கண்டென்சர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். சில பெட்டிகளில் அடித்தகட்டிலேயே ஷாக் அடிக்கும். தெரிந்தவரிடம் கொடுங்கள்.) திருகின் தண்டு எண்ணெயில் மினுங்கிக்கொண்டிருந்தது. கயிறும் எண்ணெய் குடித்து ஊறிப்போயிருந்தது. இழுத்துப் பிடிக்க வேண்டிய ஸ்பிரிங்கும் தளர்ந்து கிடந்தது.

"எண்ணெய் யார் விட்டது?" என்றேன்.

மகன் சற்று நேரம் பேசவில்லை. "அப்பா விரல் வலிக்குதுன்னாரு சாமி. திருகு இறுக்கமா இருக்குன்னு தையல் மெஷின் எண்ணெய் நாலு சொட்டு விட்டேன். ஜூன் மாசம்" என்றார். சொல்லிவிட்டுக் கொல்லைப்புறம் போய்விட்டார். அப்போதுதான் டிரிம்மரைத் திருகியது நான் என்பதை எல்லார் முன்னாலும் சொன்னேன். முதலில் சொல்லியிருக்க வேண்டியது.

வேலை ஒரு மாலை பிடித்தது. கயிறு எந்த எந்த உருளையைச் சுற்றிப் போகிறது என்று பேத்தி தன் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டாள். அதைச் செய்யாமல் கயிற்றை அவிழ்த்தவர்கள் பட்டபாடு எனக்குத் தெரியும். தண்டையும் சக்கரத்தையும் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன். டவுனில் ஒரு பழைய மெக்கானிக் மெல்லிய பின்னல் கயிறு கொடுத்தார். ஒற்றை இழை நைலான் கூடாது, வழுக்கும், நீளும். தண்டில் இரண்டரைச் சுற்று, ஸ்பிரிங் பாதி இழுபட்ட நிலையில் முடிச்சு, முடிச்சு அவிழாமலிருக்க அதன்மேல் பேத்தியின் நகப்பூச்சு ஒரு சொட்டு. கயிற்றுக்குப் பிடிப்பு வர, பாடகர் குழுவில் வயலின் வாசிக்கும் தம்பியிடம் வில்லுக்குத் தேய்க்கும் ரோசின் கொஞ்சம் வாங்கிப் பொடித்துத் தடவினேன். பிறகு நான் கெடுத்த டிரிம்மர். திருநெல்வேலி 1197, அது கண்ணாடியில் தன் இடத்தில் வரும்வரை மெதுவாகத் திருப்பினேன். இருட்டியதும் சென்னை 720ஐப் பிடித்துப் பார்த்தேன், அதுவும் சரியாக நின்றது.

பழைய பெட்டி வைத்திருக்கும் நேயர்கள் சிலர் எனக்கு எழுதுவதுண்டு, அவர்களுக்காக இதையும் சேர்த்துச் சொல்கிறேன். நிலையம் கிடைக்காததற்கெல்லாம் கயிறு காரணமல்ல. திருப்பும்போது கரகரவென்று அறுத்தால் கேங் தகடுகளுக்குள் தூசி இருக்கலாம், தகடுகள் ஒன்றோடொன்று உரசலாம். போட்டு கால்மணி நேரத்தில் நிலையம் மெல்ல நகர்ந்தால் பெட்டி சூடேறுகிறது என்று பொருள், மறுபடி தொட்டுச் சரிசெய்தால் போதும். பேண்ட் சுவிட்சை ஆட்டினால் வந்து வந்து போகிறதா, அங்கே அழுக்கு. எங்கே திருப்பினாலும் ஒரே இரைச்சலா, பெட்டியைக் குறை சொல்லுமுன் வீட்டிலுள்ள எல்.இ.டி. விளக்கையும் ஃபோன் சார்ஜரையும் அணைத்துப் பாருங்கள்.

பெட்டியைக் கட்டில் தலைமாட்டில் வைத்தோம். பெரியவர் விரலால் திருகைத் தடவினார். இடது ஓரம் வரை போனார். ஒன்று, இரண்டு, மூன்று, அரை. திருச்சி. கொஞ்சம் முன்னே பின்னே ஆட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு மயிரிழை முன்னால வருது. கயிறு புதுசு. பழகிக்கிறேன்" என்றார்.

பிறகு சிற்றலைக்கு மாற்றினார். வெகுநேரம் திருப்பிக்கொண்டே இருந்தார். "வெரித்தாஸ் மட்டும் இன்னும் வரல சாமி. அதையும் பாருங்க. இந்தத் தொல்லையே அதுலதான் ஆரம்பிச்சுச்சு. ஜூலைலேருந்து தேடுறேன். அது கிடைக்கலன்னு சொன்னப்பதான் இவங்க முதமுதல்ல என்னைச் சந்தேகப்பட்டாங்க."

எனக்குப் பேச்சு வரவில்லை. மணிலாவிலிருந்து வந்துகொண்டிருந்த வெரித்தாஸ் சிற்றலை ஒலிபரப்பை அந்த ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு நிறுத்திவிட்டார்கள். இனி இணையத்தில்தான் என்று அறிவித்திருந்தார்கள். எனக்குத் தெரியும். மகனுக்கும் தெரியும். பேத்தி ஃபோனில் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சிற்றலையில் அதைத் தேடும் ஒருவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார், அவரிடம் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சொன்னேன். பெரியவர் கையைத் திருகிலிருந்து எடுத்தார்.

"அப்ப நான் தேடின இடம் சரிதான்."

"சரிதான் தாத்தா."

"சொல்லியிருந்தா மூணு மாசம் தேடியிருக்க மாட்டேனே" என்றார். அதில் கோபம் இல்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வயதானவர்களுக்கு நினைவு மெய்யாகவே தப்புவதும் உண்டு நேயர்களே. அப்படித் தெரிந்தால் மருத்துவரிடம் கூட்டிப் போகத்தான் வேண்டும். இந்தப் பெரியவரையும் பிறகு கூட்டிப் போனார்கள். வயதுக்கு ஏற்ற அளவுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொல்லி அனுப்பினார்.

அடுத்த மாதம் முதியோர் பணம் வந்தபோது மகன் அதை அப்பாவின் கையிலேயே கொடுத்தார். அவர் விரலால் தடவி ஒவ்வொரு நோட்டாக எண்ணினார், இரண்டு முறை. அந்த வாரம் ஞாயிறு முதல் திருப்பலிக்குக் கோலூன்றித் தனியாக வந்தார். பேத்தி பத்தடி பின்னால் நடந்து வந்ததை அவரிடம் நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்தே இருந்தது என்று பிறகு அறிந்துகொண்டேன்.