உறுதி ஐயத்தால் நீங்காது

 



தொழுகையில் நிற்கும் ஒருவருக்கு வயிற்றில் ஏதோ அசைவதுபோல் தோன்றுகிறது. காற்றுப் பிரிந்து ஒளூ முறிந்துவிட்டதோ என்ற ஐயம் எழுகிறது. நபி (ஸல்) அவர்களிடம் இது பற்றி முறையிடப்பட்டபோது, சப்தத்தைக் கேட்காமலோ நாற்றத்தை உணராமலோ தொழுகையை விட்டுத் திரும்ப வேண்டாம் என வழிகாட்டினார்கள். இந்த நபிமொழி புகாரீ, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்றுள்ளது. உறுதியாக அறியப்பட்டது வெறும் ஐயத்தால் நீங்கிவிடாது எனும் ஃபிக்ஹுச் சட்ட விதிக்கு அறிஞர்கள் இதனைச் சான்றாகக் காட்டுவர்.

இவ்விதியில் நம் உடல்நலக் கவலைக்கும் மருந்துண்டு. நெஞ்சு சற்றுப் படபடத்தால் மாரடைப்போ என்றும், தலை வலித்தால் மூளையில் கட்டியோ என்றும், இமை துடித்தால் நரம்பு நோயோ என்றும் கலங்குவோர் நம்மிடையே பலர். மருத்துவர் சோதித்து, இ.சி.ஜி. எடுத்து, நோயில்லை என்கிறார். அன்றிரவு நிம்மதி. மூன்றாம் நாள் அதே ஐயத்தோடு வேறொரு மருத்துவரின் வாசலில் நிற்கின்றனர்.

அச்சமே அறிகுறியாவது எப்படி?

அச்சம் எழுந்ததும் உடலில் அட்ரினலின் சுரக்கிறது. இதயம் விரைந்து துடிக்கிறது, தசைகள் இறுகுகின்றன. மூச்சு வேகமெடுப்பதால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, தலை கிறுகிறுக்கிறது. விரல் நுனிகள் மரத்துப்போகின்றன. இவற்றையே நோயின் அடையாளங்களாக எண்ணி மனிதன் மேலும் அஞ்சுகிறான். கழுத்தில் நெறி கட்டியிருக்கிறதா என்று நாளுக்குப் பத்து முறை அழுத்திப் பார்ப்பவருக்கு, அந்த அழுத்தத்தாலேயே வலி உண்டாகிறது. உணர்வு பொய்யன்று; அதற்கு அவர் கொடுக்கும் பொருள்தான் தவறு.

ஹிஜ்ரி 322 (கி.பி. 934)இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ இதனை அன்றே ஆராய்ந்தார். 'மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்' எனும் தம் நூலில் உடல் நலத்தோடு உள நலத்தையும் சேர்த்தே எழுதினார். கோபம், அச்சம், கவலை ஆகியவற்றோடு வஸ்வாஸையும் உள்ளத்தின் பிணிகளுள் ஒன்றாக வகைப்படுத்தினார். அவசரத்திற்கு வீட்டில் மருந்து வைத்திருப்பதுபோல், நலமாயிருக்கும் வேளையிலேயே நல்ல எண்ணங்களைச் சேமித்து வைக்க வேண்டும் என்பது அவர் காட்டிய வழி.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவது, ஐயத்தை முறையாக ஒருமுறை தீர்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவம் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்களே ஏவியுள்ளார்கள். நம்பிக்கைக்குரிய ஒரே மருத்துவரிடம் சென்று, எந்த அறிகுறி தோன்றினால் மீண்டும் வர வேண்டும் என்பதையும் கேட்டறிந்து கொள்ளுங்கள். நெஞ்சை அழுத்தி நீங்காதிருக்கும் வலி, கடும் மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கைகால் செயலிழத்தல், வாய் கோணுதல் ஆகியன கண்டால் உடனே மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காரணமின்றி உடல் மெலிதல், இரத்தப் போக்கு, வளரும் கட்டி ஆகியவற்றையும் நாள் கடத்தாமல் காட்ட வேண்டும். இவற்றைப் புறக்கணிப்பது தவக்குல் ஆகாது.

இரண்டாவது, நோயில்லை என்று உறுதியான பின் பழைய ஐயத்திற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது. நாடி பிடித்துப் பார்ப்பது, இணையத்தில் நோய்களைத் தேடுவது, நலமாகத்தானே இருக்கிறேன் என்று வீட்டாரிடம் திரும்பத் திரும்பக் கேட்பது ஆகிய யாவும் அந்த நெருப்புக்கு விறகிடுவனவே. கை நாடியைத் தேடும்போது, அரை மணி நேரம் கழித்துப் பார்ப்போம் எனத் தள்ளிப் போடுங்கள். பிறகு அந்த இடைவெளியைப் பெருக்குங்கள்.

மூன்றாவது, படபடப்பு இருக்கும்போதே கடையைத் திறங்கள். பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். ஐயம் இருந்தும் தொழுகையைத் தொடர்ந்தவரைப் போல, வாழ்க்கையைத் தொடருங்கள். கவனம் விலக விலக, அச்சமும் தளரும்.

இவ்வளவு முயன்றும் அச்சம் நீங்கவில்லையெனில் மனநல மருத்துவரை நாடத் தயங்காதீர்கள். எண்ணத்தையும் பழக்கத்தையும் சீர்செய்யும் உளவியல் சிகிச்சை இதற்கு நல்ல பலன் தருகிறது. இப்படித் தவிப்பவரை ஈமான் குறைந்தவர் என்று இகழ்வது பெரும் அநீதி. அவர் கேலிக்குரியவர் அல்லர், சிகிச்சைக்கு உரியவர்.

சகோதரர்களே! மரணத்தின் வேளையை அல்லாஹ் மட்டுமே அறிவான். அதனை நாடித் துடிப்பில் தேடிக்கொண்டிருந்து, அவன் தந்த ஆரோக்கியமான நாள்களை நாம் இழந்துவிடலாகாது.

வல்ல நாயன் நம் அனைவருக்கும் உடல் நலத்தையும் உள்ளத்தின் அமைதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.