அச்சம் பிறக்கும் இடம்



பேய்ப் படம் ஒன்றைப் பார்த்துவிட்டு வெளியே வரும் நண்பர் நால்வர், வீடு போய்ச் சேரும் வரையில் விவாதிப்பது பெரும்பாலும் கதையைப் பற்றி அன்று. எந்தக் காட்சி உண்மையாகவே அச்சம் தந்தது என்பதைப் பற்றியே. ஒருவர் நடுங்கிய இடத்தில் மற்றொருவர் நகைத்திருப்பார். தாம் எதற்கும் அஞ்சவில்லை என்று சாதிப்பவரும் அந்த நால்வருள் ஒருவர் உண்டு; அன்றிரவு விளக்கை அணைக்கத் தயங்குபவரும் பெரும்பாலும் அவரே. இந்த வழக்கைத் தீர்த்து வைக்க ஓர் அளவுகோல் உண்டா என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அளவுகோலைத் தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக அச்சத்தை வைத்து, அது நான்கு நிலைக்களங்களிலிருந்து பிறக்கும் என்று வகுத்துச் சொல்கிறது. அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தம்மை ஆளும் இறை ஒன்று. திரைப்படம் என்ற ஒன்றைக் கனவிலும் காணாத காலத்து நூல் அது. ஆயினும் உலகத்தார் எடுத்த அச்சப் படங்களை இந்த நான்கு பெட்டிகளுள் இட்டுப் பார்த்தால், பெரும்பாலானவை அடங்கிவிடுகின்றன.

விலங்கை முதலில் எடுத்துக்கொள்வோம். 1975-ஆம் ஆண்டு வெளிவந்த 'ஜாஸ்' என்னும் அமெரிக்கப் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய அப்படத்தில் மனிதரைக் கொல்லும் சுறாமீன் ஒன்று வருகிறது. அதற்கென இயந்திரச் சுறாக்களைச் செய்து கடலில் இறக்கினார்கள். உப்பு நீர் பட்டு அவை அடிக்கடி பழுதாயின. வேறு வழியின்றி இயக்குநர், மீனைக் காட்டாமலே மீன் இருப்பதை உணர்த்த வேண்டியவரானார். இரவில் கடலாடும் ஒரு பெண்ணை ஏதோ ஒன்று கீழிருந்து பற்றி இழுக்கும் முதற்காட்சியில், அந்த ஏதோ ஒன்று நம் கண்ணுக்குப் புலப்படுவதே இல்லை. ஜான் வில்லியம்ஸ் அமைத்த, இரண்டே சுரங்கள் மாறி மாறி ஒலிக்கும் இசைதான் அதன் வருகையை நமக்கு அறிவிக்கிறது. இயந்திரம் செவ்வனே இயங்கியிருந்தால் படம் இத்துணை அச்சம் தந்திராது என்று கருதுவோர் பலர்.

அடுத்தது கள்வர். கள்வர் என்னும் சொல்லுக்குள், நம் வீட்டுக்குள் புகுந்து தீங்கிழைக்கும் கொடியவர் எல்லாரையும் அடக்கிக் கொள்ளலாம். ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் 1960-இல் அளித்த 'சைக்கோ' படத்தின் குளியலறைக் காட்சி இவ்வகைக்குத் தலைமையானது. திரையில் அது ஓடும் நேரம் ஒரு நிமிடத்திற்கும் குறைவு. அதைப் படமாக்க ஒரு வாரம் பிடித்தது. கறுப்பு வெள்ளைப் படமாதலால் குருதிக்குப் பதிலாகச் சாக்லேட்டுக் குழம்பைப் பயன்படுத்தினார்கள். கத்தி உடலில் பாய்வதை நாம் கண்டதாகவே நினைவில் வைத்திருக்கிறோம். உண்மையில் நாம் காண்பது கத்தி, நீர், முகம், கை என்ற துண்டுகளின் விரைந்த அணிவகுப்பையே. கொலையை முடித்து வைப்பது நம் மனம். அக்காட்சிக்கு இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் எண்ணியிருந்தார். பெர்னார்ட் ஹெர்மன் நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு, கிறீச்சிடும் ஓர் இசையை அமைத்துக் காட்டிய பிறகு தம் எண்ணத்தை மாற்றிக்கொண்டார்.

இவ்விரண்டு சான்றுகளையும் கேட்ட ஒருவர், "காட்டாமையே அச்சம், காட்டிவிட்டால் அச்சம் தீர்ந்தது" என்று தீர்ப்பெழுதிவிடக் கூடும். ஆனால் மூன்றாவது பெட்டியாகிய அணங்கைத் திறந்தால், அத்தீர்ப்பு அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை.

1949-இல் கமால் அம்ரோஹி இயக்கிய 'மஹல்' என்னும் இந்திப் படத்தை நினைவு கூருங்கள். பாழடைந்த மாளிகை ஒன்றில் அசோக் குமார் குடிபுகுகிறார். எங்கிருந்தோ ஒரு பெண்ணின் பாட்டு மிதந்து வருகிறது. முதலில் தொலைவில் கேட்கும் அக்குரல் சிறிது சிறிதாக அண்மையில் வருகிறது. ஒலிப்பதிவுக் கருவிகள் இன்றுபோல் வளராத அந்நாளில், இந்த அண்மையையும் சேய்மையையும் எவ்வாறு உண்டாக்கினார்கள் தெரியுமா? பாடிய லதா மங்கேஷ்கர், ஒலிவாங்கிக்கு எட்ட நின்று பாடத் தொடங்கி, பாடிக்கொண்டே அதை நோக்கி நடந்து வந்தாராம். அவரே பிற்காலத்தில் சொன்ன செய்தி இது. இங்கும் அச்சம் காணாமையிலேதான் இருக்கிறது. மதுபாலாவின் முகம் தெளிவாகத் தெரிந்தபின் நம் உள்ளத்தில் நிறைவது வியப்பும் காதலுமேயன்றி அச்சம் அன்று.

ஆனால் வங்கத்திலிருந்து சத்யஜித் ராய் 1961-இல் தந்த 'தீன் கன்யா'வின் நடுக்கதையாகிய 'மணிஹாரா' வேறு வழியிற் செல்கிறது. தாகூரின் சிறுகதையைத் தழுவியது அது. நகைகளின்மேல் தீராத பற்றுக் கொண்ட மனைவி, அவற்றை எடுத்துக்கொண்டு வீட்டை நீங்கி மறைந்து போகிறாள். வெளியூர் சென்றிருந்த கணவன், அவள் முன்பு கேட்ட நகைப் பெட்டி ஒன்றோடு திரும்பி வந்து தனியே காத்திருக்கிறான். இரவில் அவள் வருகிறாள். முக்காடிட்ட உருவமாக நிற்கிறாள். அவன் பெட்டியை நோக்கிக் கை நீட்டும்போது, நகை அணிந்த எலும்புக் கை ஒன்று பாய்ந்து அதைப் பற்றுகிறது. ராய் அந்தக் கையை மறைக்கவில்லை, காட்டியே விடுகிறார். ஆயினும் நாம் நடுங்குகிறோம். ஏன்? எலும்பைக் கண்டதனால் மட்டும் அன்று. இறந்த பின்னும் அப்பெண்ணுக்குக் கணவன் வேண்டியிருக்கவில்லை, நகைதான் வேண்டியிருந்தது என்பதை அந்த ஒரு நொடியில் அறிந்துகொள்வதனால். அவளை வரவேற்க அன்போடு காத்திருந்தவனுக்குக் கிடைத்த விடை அது. வெளிநாடுகளில் இப்படம் முதலில் காட்டப்பட்டபோது இந்தக் கதையை நீக்கிவிட்டு மற்ற இரண்டையுமே காட்டினார்கள். அந்நாட்டார் இழந்தது சிறிதன்று.

ஆகவே காட்டுதல், காட்டாமை என்பது இயக்குநரின் கைத்திறம். அச்சத்தின் வேர் அதுவன்று. ஒரு காட்சி நமக்கு எதைத் தெரிவிக்கிறது என்பதிலேயே வேர் இருக்கிறது. நான்காவது பெட்டியைத் திறக்கும்போது இது மேலும் விளங்கும்.

தம்மை ஆளும் இறை அச்சத்தின் நிலைக்களம் என்று இலக்கணம் சொல்கிறதே, பேய்ப் படத்தில் அதற்கு இடம் எங்கே என்று நீங்கள் கேட்கலாம். 1993-ஆம் ஆண்டின் இறுதியில் ஃபாசில் இயக்கத்தில் வெளிவந்த 'மணிச்சித்ரத்தாழ்' என்னும் மலையாளப் படம் அதற்கு விடை சொல்கிறது. மது முட்டம் எழுதிய கதை. கல்கத்தாவிலிருந்து கேரளத்திலுள்ள பழைய தறவாட்டு வீட்டுக்கு நகுலனும் அவன் மனைவி கங்காவும் வருகிறார்கள். அவ்வீட்டில் பூட்டி வைத்த அறை ஒன்று உண்டு. பல தலைமுறைகளுக்கு முன் அவ்வீட்டுக் காரணவர், தஞ்சாவூரிலிருந்து நாகவல்லி என்னும் ஆடல் மகளைக் கொண்டு வந்து வைத்திருந்தார். அவள் உள்ளமோ இராமநாதன் என்ற ஆடற் கலைஞனிடத்தில் இருந்தது. அதை அறிந்த காரணவர் அவளைக் கொன்றார். அவளுடைய கதையில் தோய்ந்த கங்கா, தன்னையே நாகவல்லியாகக் கருதத் தலைப்படுகிறாள்.

அப்படத்தில் எக்காட்சி அஞ்சத்தக்கது என்று கேட்டால், பெரும்பாலோர் ஒரே காட்சியைச் சுட்டுவர். கடைக்குச் செல்லப் புறப்பட்ட கங்காவைக் கணவன் போக வேண்டாம் என்று தடுக்கிறான். இருவரும் மலையாளத்திலேயே பேசுகிறார்கள். திடீரென்று அவள் முகம் மாறுகிறது, குரல் மாறுகிறது, பேச்சு தமிழாகிறது. கனத்த கட்டிலை ஒரு கையால் தூக்குகிறாள். கணவன் அவள் பெயரைக் கூவி அழைத்ததும், ஒன்றும் அறியாதவளாய்த் துவண்டு விழுகிறாள். அவ்வளவே காட்சி. பேய் முகமோ, குருதியோ, இருளோ அதில் இல்லை. பட்டப் பகலில் படுக்கையறையில் நடப்பது. அப்படத்தில் நடித்த ஷோபனாவுக்கு அவ்வாண்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. ஆனால் நாம் கேட்ட குரல்கள் இரண்டு பேருடையவை. கங்காவுக்கு மலையாளக் குரல் தந்தவர் பாக்கியலட்சுமி. நாகவல்லிக்குக் குரல் தந்தவர் துர்கா என்னும் தமிழ்ப் பின்னணிக் கலைஞர்.

மலையாளம் மட்டும் அறிந்தவருக்கு அந்த மொழி மாற்றமே நடுக்கம் தந்தது. தன் வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து அயலார் பேச்சு வெளிப்படுகிறதே என்ற நடுக்கம் அது. ஆனால் அதே அரங்கில் அமர்ந்திருந்த தமிழருக்கு? அவருக்கு அது ஓலம் அன்று. பொருள் விளங்கும் பேச்சு. தன்னை எங்கும் போக விடமாட்டாயா என்றுதான் அவள் கேட்கிறாள். அயல்நாட்டு வீட்டில் அடைபட்டுக் கிடந்த ஒரு பெண் கேட்கக்கூடிய மிக எளிய கேள்வி அது. மற்றவர் அணங்கைக் கண்ட இடத்தில், தமிழர் இறைக்கு அஞ்சி வாழ்ந்த ஒருத்தியைக் காண்கிறார். அக்கதையில் உண்மையில் அஞ்ச வேண்டியது பேயை அன்று. அவளை ஊர்விட்டு ஊர் கொண்டுவந்து, பூட்டி வைத்து, கொன்றும் போட்ட அதிகாரத்தையே.

இது வெறும் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். தஞ்சையின் ஆடலும் இசையும் பிற அரசவைகளுக்குச் சென்ற வரலாறு நெடியது. தஞ்சை நால்வருள் வடிவேலு திருவிதாங்கூர் அரசர் சுவாதித் திருநாளின் அவையில் விளங்கினார். சின்னையா மைசூர் சென்றார். 1880-இல் தஞ்சை மராத்திய இளவரசி பரோடா மன்னர் சாயாஜிராவை மணந்தபோது, சீரோடு சீராக ஆடல் மகளிரும் அனுப்பப்பட்டனர். சென்றவருள் சிறப்புற்றோர் பெயர் நமக்குத் தெரியும். அரண்மனைகளின் உள்ளறைகளில் தம் மொழி பேச ஆளின்றி இருந்தோர் எத்தனை பேரோ!

இனி நம்மை நோக்கியும் ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். மணிச்சித்ரத்தாழின் கதை பிற மொழிகளுக்குச் சென்றபோது என்னவாயிற்று? 2004-இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா' ஆயிற்று. அங்கே நாகவல்லி பேசியது தெலுங்கு. 2005-இல் தமிழில் 'சந்திரமுகி' ஆயிற்று. ஜோதிகா ஏற்ற சந்திரமுகியும் தெலுங்கு பேசினாள். 2007-இல் இந்தியில் 'பூல் புலையா' ஆயிற்று, மஞ்சுலிகா வங்காளியானாள். பாலக்காட்டுத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து மும்பையில் வளர்ந்த வித்யா பாலன், வட நாட்டு அரண்மனையில் வங்க மொழி பேசும் பேயாக நடித்தார்! ஒவ்வொரு மொழியாரும் அண்டை மொழியொன்றைப் பேய்க்குக் கொடுத்திருக்கிறார்கள். நம் மொழியைக் கேட்டு மலையாளிகள் அஞ்சியதைப் போலவே, தெலுங்கைக் கேட்டு நாம் அஞ்சினோம். அந்த அரங்குகளில் அமர்ந்திருந்த தெலுங்கரும் வங்காளியரும் நாகவல்லியைக் கண்ட தமிழரைப்போலவே உணர்ந்திருப்பார்கள் அல்லவா?

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது திரையோடு முடியும் செய்தி அன்று. இரயிலிலோ, மாடிக் குடியிருப்பின் படிக்கட்டிலோ நாம் உரக்கத் தமிழ் பேசும்போது அருகிலுள்ளவர் சற்றே திரும்பிப் பார்ப்பதை அறிவோம். பள்ளி வாயிலில் தாய் தமிழில் அழைத்தால் கூசி நிற்கும் குழந்தைகளையும் அறிவோம். கங்காவின் நோய்க்கு அப்படம் காட்டும் வேரும் இத்தகையதே. பெற்றோர் கல்கத்தாவில் இருக்க, அவள் ஊரில் பாட்டியிடம் வளர்ந்தவள்; ஒரு நாள் அந்த மண்ணைவிட்டு அவளைப் பெயர்த்தெடுக்க வந்தார்கள். பெயர்த்து நடப்பட்ட குழந்தையின் நடுக்கத்தை நாம் எளிதாக எண்ணிவிடக் கூடாது.

அப்படத்தின் முடிவும் கருதத்தக்கது. மருத்துவர் அந்தப் பேயை அடித்து விரட்டவில்லை. காரணவரைத் தன் கையாலேயே தண்டித்துவிட்டதாக அவள் நம்பும்படி ஒரு பொம்மையை வைத்து வழி செய்கிறார். அவளுடைய வழக்கு கேட்கப்பட்டது, அவள் அடங்கினாள்.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை எந்தக் காட்சி அஞ்சத்தக்கது என்று விவாதிக்கும்போது, திடுக்கிட்டோமா என்பதை மட்டும் அளவாகக் கொள்ளாதீர்கள். கதவு படாரென்று சாத்தினாலும் திடுக்கிடுவோம். மறு நொடியில் மறந்துவிடுவோம். அந்த உருவம் என்ன சொல்கிறது, யாருக்கு அஞ்சி அவ்வாறு ஆயிற்று என்று வினவுங்கள். விடை தெரிந்த பின்னும் எந்தக் காட்சி உங்களை விட்டு அகலவில்லையோ, அதுவே உண்மையில் அச்சம் தரும் காட்சி. பேசும் மொழி புரியாதபோது பேயாகத் தோன்றியவள், புரிந்தபின் நம்மைப்போல் ஊர்விட்டு ஊர் வந்த ஒரு பெண்ணாகவே இருக்கக் கூடும்.