மூச்சு வாங்கினால் பழைய ஃபைலையும் எடுங்கள்



அறந்தாங்கிப் பக்கத்துக் கிராமத்தில் ஓர் அம்மா என்று வைத்துக்கொள்வோம். சில வருடங்களுக்கு முன்பு மார்பில் கட்டி வந்து, ஆபரேஷன், கீமோ எல்லாம் முடிந்து, வயல் வேலைக்கும் திரும்பிவிட்டார். இப்போது கொஞ்ச நாளாக நடந்தால் மூச்சு வாங்குகிறது. மல்லாந்து படுக்க முடியவில்லை. கால் வீங்குகிறது. டாக்டரிடம் போகிறார், இருமலுக்கும் சத்துக்குறைவுக்கும் மருந்து வாங்கி வருகிறார். பழைய கட்டியைப் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. பத்துப் பேர் சுற்றி நிற்கும்போது மார்பில் ஆபரேஷன் செய்ததை எப்படிச் சொல்வது? அதுதான் குணமாகிவிட்டதே, இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

சம்பந்தம் இருக்கலாம். இதயத்திலேயே தோன்றும் புற்றுநோய் மிக அபூர்வம். வேறோர் உறுப்பில் தோன்றி இதயத்துக்குப் பரவுவது அதைவிடப் பல மடங்கு அதிகம். நுரையீரல், மார்பகம், உணவுக்குழாய், ரத்தம், நிணநீர்க் கணுக்கள் ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களுக்கு இந்தப் பழக்கம் உண்டு. பெரும்பாலும் இதயத்தின் சதையைவிட, அதைப் போர்த்தியிருக்கும் மெல்லிய உறையைத்தான் நோய் தொடுகிறது.

இரண்டு அடுக்கான அந்த உறைக்குள் இயல்பாகவே 15 முதல் 50 மில்லி நீர் இருக்கும். நோய் தொட்டால் நீர் கூடுதலாக ஊறும். மெல்ல ஊறினால் உறை விரிந்துகொடுத்து ஒரு லிட்டரைக்கூடத் தாங்கும். வேகமாக ஊறினால் 200 மில்லியே போதும்; இதயம் விரிய இடமில்லாமல் ரத்த அழுத்தம் சரிந்துவிடும். அப்போது நாளை பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கிடையாது.

கழுத்து ரத்தக்குழாய் புடைப்பது, ரத்த அழுத்தம் குறைவது, ஸ்டெதாஸ்கோப்பில் இதய ஒலி மங்குவது என்று மூன்று அடையாளங்களை 1935இல் கிளாட் பெக் என்ற அமெரிக்க மருத்துவர் எழுதிவைத்தார். மூன்றும் சேர்ந்து வரும்வரை காத்திருப்பது ஆபத்து. எக்ஸ்ரேயில் இதயம் அடி பருத்த குடுவை போலத் தெரியலாம். ஈசிஜியில் அலைகள் சின்னதாகலாம். நீர் இருக்கிறதா, இதயத்தை நெருக்குகிறதா என்பதைச் சில நிமிடங்களில் காட்டுவது எக்கோ ஸ்கேன்தான். 1953இல் ஸ்வீடனில் எட்லர், ஹெர்ட்ஸ் என்ற இருவர் தொடங்கிய வேலை அது. கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தில் விரிசல் தேடும் ஒலிக்கருவியை மனித நெஞ்சில் வைத்துப் பார்க்கத் துணிந்தவர்கள்! எக்கோ எடுக்க இன்று நாம் சென்னை வரை போக வேண்டியதில்லை.

ஆனால் எக்கோ நீரைக் காட்டும். அந்த நீர் ஏன் வந்தது என்று சொல்லாது. நம் நாட்டில் இதய உறையில் நீர் என்றதும் முதலில் நினைவுக்கு வருவது காசநோய். அந்த நினைப்பில் தவறில்லை. புற்றுநோய் வந்தவர் என்று தெரியாவிட்டால் அதோடு தேடல் நின்றுவிடும், அதுதான் சிக்கல். எதிர்ப்பக்கமும் உண்டு. 'இதயத்துக்கே போய்விட்டது, வீட்டுக்குக் கொண்டுபோய்விடலாம்' என்று உறவினர்கள் முடிவு கட்டுவார்கள். புற்றுநோய் வந்த எல்லோருக்கும் இந்த நீர் புற்றால்தான் ஊறியது என்று இல்லை. காசநோய் இருக்கலாம், தைராய்டு குறைவு இருக்கலாம், பழைய கதிர்வீச்சின் விளைவாகவும் இருக்கலாம். அதனால் ஊசி வழியாக நீரை எடுத்துச் சோதிக்கிறார்கள். மூச்சுத்திணறல் தணிவதும் அதே ஊசியால்தான். நீர் சிவப்பாக வந்தால் புற்று என்று அர்த்தமில்லை. காசநோயிலும் சிவப்பாக வரும். புற்றணு தெரியவில்லை என்ற ஒரே ரிப்போர்ட்டை வைத்துச் சந்தேகத்தை விட்டுவிடவும் கூடாது. தேவைப்பட்டால் உறையிலிருந்தே சிறு துண்டு எடுப்பார்கள். சிடி, எம்ஆர்ஐ ஸ்கேனும் உண்டு. இந்தத் தேடல் சரியான திசையில் போக, பழைய நோயை நாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். சென்னை அடையாற்றில் 1954இல் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனை எழும்பியதற்குப் பின்னால் அந்தத் துயரம் இருந்தது. அந்த நோயின் பெயரை அவருடைய ஊர்க்காரர்கள் நாம் இன்னும் முந்தானைக்குள் மறைக்கலாமா?

கூட்டம் இருந்தால் தனியாகப் பேச வேண்டும் என்று நர்ஸம்மாவிடம் சொல்லுங்கள். ஃபைலில் மூன்று தாள் போதும்: பயாப்சி ரிப்போர்ட், கொடுத்த கீமோ மருந்துகளின் பெயர், கதிர்வீச்சு எந்தப் பக்கம் வைத்தார்கள் என்ற குறிப்பு. கடைசித் தாளைப் பலரும் தொலைத்துவிடுகிறார்கள். இடது மார்பில் வைத்த கதிர்வீச்சு இதயத்துக்குப் பக்கத்தில் போயிருக்கும். சில கீமோ மருந்துகள் இதயச் சதையைப் பலவீனப்படுத்தும். மூச்சு வாங்குவதற்குக் காரணம் பரவிய நோயா, அன்று கொடுத்த சிகிச்சையா என்று பிரித்துப் பார்க்க டாக்டர் முதலில் தேடுவது இந்தத் தாள்களைத்தான்.