வீட்டுக் கணக்கு இருவருக்கும் தெரியட்டும்



மின்சாரக் கட்டணமும் தண்ணீர்க் கட்டணமும் மாதந்தோறும் நம் நினைவில் நிற்கின்றன. ஆண்டுக்கு இருமுறை வரும் மதிப்பீட்டு வரியும், ஒருமுறை வரும் நில வரியுமே நம்மைத் திணறடிக்கின்றன. அவற்றைக் கூட்டி 12 ஆகப் பிரித்து, மாதாமாதம் எடுத்து வைப்போம்.

மலேசியாவில், மாநில ஜகாத் மையத்தில் நாம் செலுத்தும் ஜகாத், கட்ட வேண்டிய வருமான வரியிலிருந்தே கழிக்கப்படுகிறது. அதற்கு ரசீதுதான் சான்று. ரசீதுகளை 7 ஆண்டுகள் பத்திரப்படுத்துவோம்.

நம் வீடுகள் பலவற்றில் கணக்கு வாப்பா ஒருவருக்கே தெரியும். அவர் மௌத்தானால், இத்தாவில் இருக்கும் உம்மா எது கட்டியாயிற்று, எது பாக்கி, யாருக்குக் கடன் என்று யாரிடம் கேட்பார்? இன்றிரவே அந்தக் கோப்பைக் கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.