வழி மறந்தவரை ஏசாதீர்கள்
(நூற்றாண்டு ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



இன்று காலை வாயிலால் நுழைந்ததும் யாரிடமும் கேட்காமலே உயிரியல் ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். நாற்பது வருடங்களாகியும் வழி மறக்கவில்லை. இந்த வழி மூளையில் எப்படிப் பதிகிறது?

மூளையில் ஹிப்போகம்பஸ் என்றொரு பகுதி உண்டு. கடற்குதிரையின் வடிவம். புதிய இடங்களைக் கற்க அது வேண்டும். அதைச் சோதிக்க ரிச்சர்ட் மொரிஸ் 1981இல் ஒரு முறையை வெளியிட்டார். கலங்கிய நீர்த்தொட்டியில் நீர்மட்டத்துக்குக் கீழே ஒரு சிறு மேடை மறைந்திருக்கும். எலி முதலில் அங்குமிங்கும் நீந்தும். சில நாட்களில், அறையிலுள்ள அடையாளங்களைக் கொண்டு நேரே மேடைக்குப் போய்விடும்.

1992இல் அல்சினோ சில்வாவும் குழுவினரும் காம்-கைனேஸ் 2 என்ற நொதியத்தின் ஒரு வகை இல்லாத சுண்டெலிகளை அதே தொட்டியில் விட்டார்கள். மறைந்த மேடை இருக்கும் இடத்தைக் கற்க அவை மிகவும் தடுமாறின.

கற்கும் வேளையில் நரம்புக்கலத்தினுள் கல்சியம் புகுந்து இந்த நொதியத்தை விழிக்கச் செய்கிறது. நொதியம் தன்மீதே ஒரு பொசுபேற்றைச் சேர்த்துக்கொள்கிறது. அதனால் கல்சியம் குறைந்த பின்னும் அது சற்று நேரம் இயங்கும். மணி ஓய்ந்த பின்னும் பாடம் நடப்பது போல. அப்போதுதான் நரம்புக்கலங்களின் இணைப்பு வலுவடைகிறது. அந்தப் பொசுபேற்று சேரும் 286ஆவது அமினோ அமிலத்தை மட்டும் மாற்றிய சுண்டெலிகளாலும் மேடையின் இடத்தைக் கற்க முடியவில்லை என்று 1998இல் தெரியவந்தது.

இதையெல்லாம் படித்த நான்தான், சந்தைக்குப் போன அம்மா வழி தெரியாமல் நின்றபோது "கவனமில்லை" என்று ஏசினேன். அம்மாவும் இந்தப் பாடசாலையின் மாணவிதான். அது அல்சைமர் நோய் என்று பின்னர் வைத்தியர் சொன்னார். அவருக்குத் தந்த டொனெபெசில், அசற்றைல்கோலினைச் சிதைக்கும் நொதியத்தைத் தடுக்கும் மருந்து. அது நோயை மாற்றவில்லை. சில காலம் ஓரளவு உதவியது.

சகோதரிகளே, பழகிய பாதையில் வழி தவறுவது இந்நோயின் ஆரம்ப அறிகுறிகளில் ஒன்றாக இருக்கலாம். விற்றமின் பி12 குறைபாடு, தைரொயிட் குறைபாடு போன்ற, சிகிச்சையளிக்கக்கூடிய காரணங்களாலும் மறதி வரலாம். ஆகவே ஏசாதீர்கள், வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள். நான் பிந்திப் போனேன். நீங்கள் பிந்த வேண்டாம்.