தாளம் முன்னே போகும் பாட்டு

போலீஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவை உங்களில் பலருக்குத் தெரியும். 1980 மார்ச்சில் பம்பாயில் வாசித்துவிட்டுப் போனவர்கள். அவர்களுடைய 'எவ்ரி பிரெத் யூ டேக்' இன்றைக்குக் கல்யாண வரவேற்பு மேடை வரைக்கும் வந்துவிட்டது. அது 1983. நான் பேச வந்தது 1977 மே மாதம் வெளியான அவர்களின் முதல் பாட்டைப் பற்றி: 'ஃபால் அவுட்'.

லண்டனில் பாத்வே என்ற சின்ன ஒலிப்பதிவுக்கூடம். பதிவுச் செலவுக்கு 150 பவுண்டு கடன். பின்னாளில் குழுவில் கிட்டார் வாசித்த ஆண்டி சம்மர்ஸ் இன்னும் வரவில்லை; அப்போது ஹென்றி படோவானி இருந்தார். பாடியவர் ஸ்டிங். முதல் ஆல்பத்தில் இந்தப் பாட்டைச் சேர்க்காததால் பலர் காதுக்கு எட்டாமலே போனது.

பாட்டை எழுதியவர் யார்? டிரம்மர் ஸ்டூவர்ட் கோப்லண்ட். கிட்டாரில் பெரும்பகுதியையும் அவரே வாசித்தார். அதனால்தான் இதில் தாளம் முன்னே போகிறது, பாட்டு அதைப் பிடிக்க ஓடுகிறது. நம்ம ஊர் நையாண்டி மேளத்தில் தவில்காரர் நாதஸ்வரத்தை இழுத்துக்கொண்டு போவாரே, அதே வேகம். பின்னாளில் ஹை-ஹேட் தட்டுகளில் அவர் செய்த நுணுக்கங்களை உலகமே புகழ்ந்தது. இங்கே அந்த நகாசு இல்லை; ஸ்னேர் டிரம்மில் விழும் அடி மட்டும் சுள்ளென்று கேட்கிறது. மறுபடி சொல்கிறேன்: தாளம் முன்னே போகிறது.

திண்டுக்கல் வட்டாரத்துக் கச்சேரிகளில் நானும் டிரம்ஸ் வாசிக்கிறேன். இப்போது கீபோர்டில் லூப் என்ற பதிவுத் தாளத்தை ஓடவிட்டு, 'அதுக்குப் பின்னாலயே வாசிங்கண்ணே' என்கிறார்கள். வேடசந்தூர் பக்கம் ஒரு திருவிழாவில் மின்சாரம் போய் லூப் நின்றது. என் கை நிற்கவில்லை. இருட்டிலேயே பையன்கள் ஆட ஆரம்பித்தார்கள். தாளம் மனிதன் கையில் இருக்க வேண்டியது.

போலீஸின் 'ராக்ஸேன்' பாட்டைவிட எனக்கு இந்த 'ஃபால் அவுட்'தான் உசத்தி. டிரம்ஸ் பழகும் தம்பி, தங்கைகளே, இதை இரண்டு தடவை கேளுங்கள். முதல் தடவை பாட்டுக்காக. அடுத்த தடவை ஸ்னேரை மட்டும். அப்புறம் லூப்பை அணைத்துவிட்டுக் குச்சியை எடுங்கள்.